இடப்பக்கம் பதினொரு மில்லிமீட்டர்

ஐம்பது வருஷமாக அவர், தானே வடிவமைத்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட் அலுவலகம் என்று எங்கே போனாலும் அது வரிசை வரிசையாக இருக்கும்; அவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். கால் கடுக்கும், முழங்கால் கெஞ்சும், யாராவது எழுந்து, "பெரியவரே, உக்காருங்க" என்று இடம் கொடுப்பார்கள். பரவாயில்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்துவிடுவார். தான் சமைத்ததைத் தானே தொடாத சமையல்காரரை என்னவென்று சொல்வது? தொழிற்சாலைக்காரர்கள் அதற்கும் ஒரு கதை கட்டியிருந்தார்கள். மில்லி சார் உட்கார்ந்தால் ஏதாவது குறை கண்டுபிடிப்பார், கண்டுபிடித்தால் அச்சை உடைக்கச் சொல்லுவார், அந்தப் பயத்தில்தான் உட்காருவதில்லையாம்.

மில்லி என்பது மில்லிமீட்டரின் சுருக்கம். அந்தப் பெயரை வாங்க அவர் நிறைய உழைத்திருந்தார். இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு கைப்பிடி வரைவதற்காக நாற்பது பெண்களின் உள்ளங்கையை அளந்தவர். ரேடியோவின் குமிழ், டார்ச் லைட்டின் கழுத்து, மேஜைத் தொலைபேசியின் காது என்று நாட்டில் பாதிப் பேர் காலையிலிருந்து மாலைவரை தொடுகிற சாமான்களில் பலவற்றை வரைந்தது அவர்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அவருக்கு அதைப் பிறந்த அன்றே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, சுவரில் சாய்ந்திருந்த ஒரு படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தன்னைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்துவிட்டார் என்று மாமனார் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். இவ்வளவு பார்க்கிற மனுஷன் ஒன்றைப் பார்த்தும் பாராமல் விட்டார் என்பதுதான் விஷயம்.

நாற்காலியின் கதை இது. மெத்தை, ஸ்பிரிங், துணி எதுவும் இல்லாமல், ஒரே வார்ப்பில், உட்காருகிற உடம்புக்குத் தானே இடம் கொடுக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கை செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. அப்போது வயது முப்பத்து நான்கு. கம்பிச் சட்டம் கட்டி, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துணியை அடுக்கடுக்காகப் போட்டு, ரப்பர் விரிப்பை மேலே விரித்து, ஈரம் காய்வதற்குள் ஓர் ஆளை உட்காரவைத்தால் உடம்பின் பதிவு அப்படியே கிடைத்துவிடும். யாரை உட்காரவைப்பது? கைவசம் இருந்த அளவுப் பட்டியலைப் பார்த்தால், எல்லாருடைய உயரத்தையும் கூட்டி வகுத்து வந்த சராசரி, அவருடைய மனைவியின் உயரம். "நாட்டுக்கே என்னை வச்சுத்தான் கணக்குப் போட்டிருக்காங்க" என்று அவள் கேலி செய்தாள். நாலு வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒரு நாள் மத்தியானம் தொழிற்சாலையின் மாதிரி அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அளந்தார். வலப்பக்கத்துப் பள்ளம் அழகாக, ஆழமாக விழுந்திருந்தது. இடப்பக்கம் பதினொரு மில்லிமீட்டர் குறைவு. முதுகும் அதற்கேற்றாற்போல் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இதொன்றும் அந்தத் தொழிலில் அதிசயம் இல்லை. இடமும் வலமும் ஒத்துப்போகிற உடம்பு உலகத்தில் யாருக்கும் கிடையாது. அதனால் ஒழுங்காக விழுந்த பாதியை வைத்துக்கொண்டு, மற்ற பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல பாதியையே திருப்பி அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி. செருப்புக்காரரும் செய்வார், கைப்பிடிக்காரரும் செய்வார். மில்லியும் செய்தார். பழுப்புக் காகிதத்தில் வலப்பக்கத்தை வெட்டி, திருப்பிப் போட்டு, இரண்டையும் ஒட்டினார். நோட்டில், 'இடப்பக்கம் 11 மி.மீ. பிழை. திருத்தியாயிற்று' என்று எழுதினார்.

எழுதுவதற்கு முன் ஒரு கணம் பென்சில் நின்றது. அவள் இப்படிக் கோணி உட்காருகிறவள் இல்லையே என்று தோன்றியது. கல்யாணமான புதிதில் ஒரு கோட்டு ஹேங்கர் வரைவதற்காக அவள் தோளை அளந்திருக்கிறார். இரண்டு பக்கமும் சமம். அன்று சாயந்திரம் வீட்டில் கேட்கலாம் என்று நினைத்தார். சாயந்திரம் அச்சுக்காரர் வந்துவிட்டார், பேச்சு வளர்ந்தது, அந்த நினைப்பு எங்கேயோ போய்விட்டது.

பத்து மாதம் கழித்து அவள் படியிலிருந்து இறங்க முடியாமல் நின்றுவிட்டாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, முதுகுத்தண்டின் அடியில் இடப்பக்கமாக இருந்த கட்டியைப் பென்சிலால் சுற்றிக் காட்டினார். ரொம்ப நாளாக வளர்ந்திருக்கிறது என்றார். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாமாம். "இடப்பக்கம் பாரம் குடுக்க முடியாம ஒரு பக்கமாத்தான் உக்காந்திருப்பாங்க. வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

"கவனிக்கலை டாக்டர்," என்றார் மில்லி.

அந்தப் பொய்யைக்கூட அவர் எப்படியோ தாண்டி வந்திருப்பார். பயத்தில் சொன்னது என்று மன்னித்துக்கொண்டிருப்பார். தாண்ட முடியாதது அடுத்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இதற்கிடையில், அவள் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில், நாற்காலி சந்தைக்கு வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியே முப்பது வாங்கிப் போட்டது. அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வராந்தாவில் அதில்தான் உட்கார்ந்தார்கள். மில்லி அன்று நிற்க ஆரம்பித்தவர்தான்.

அவள் இறந்த பிறகு மகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அஞ்சு வயதுக் குழந்தை, ரயில் நிலையத்தில் அம்மா வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதது. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குழந்தையைத் தூக்கி வரிசையிலிருந்த ஒரு நாற்காலியில் வைத்து, "இது உங்க அம்மா மடி. அம்மா உக்காந்துதான் இதைச் செஞ்சோம்" என்று சொல்லிவிட்டார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் கையால் தடவிப் பார்த்தது. பிறகு அதிலேயே தூங்கிப்போனது.

அன்றிலிருந்து அவளுக்கு அம்மா அதுதான். வளர்ந்து, துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கப்பல்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலைக்குப் போனாள். போகிற ஊரிலிருந்தெல்லாம் அஞ்சலட்டை வரும். 'கப்பல் தாமதம். இரண்டு மணி நேரம் அம்மா மடியில்.' 'இங்கே அம்மா மடி பச்சை நிறம்.' 'சுங்க அலுவலகத்தில் அம்மாவுக்கு ஒரு கால் ஆடுகிறது, திருகு வாங்கிப் போட்டேன்.' மில்லி ஒவ்வொன்றையும் படித்துவிட்டு ஒரு பெட்டியில் போட்டு மூடுவார். வேறு தகப்பனாக இருந்தால் பூரித்துப் போயிருப்பான். இவருக்கு அட்டை வந்த அன்றெல்லாம் சோறு இறங்காது.

ஏனென்றால் அவருக்கு அந்த நாற்காலிகள் காலியாக இருப்பதாகவே தெரிந்ததில்லை. ஆளில்லாத காத்திருப்புக் கூடத்துக்குள் நுழைந்தால், ஒவ்வொன்றிலும் மனைவி உட்கார்ந்திருப்பாள். ஐம்பது பேர், நூறு பேர். ஒரு வலியும் இல்லாமல், அத்தனை பேரும் நேராக. ஒருத்திகூட வலப்பக்கம் சாயமாட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஜன்னல் பக்கம் போவது அதற்காகத்தான்; பேய்க்குப் பயந்தவர் என்று சொன்னால் மறுக்கமாட்டார்.

பிளாஸ்டரை மட்டும் ஒழித்துவிட்டதாக நினைத்திருந்தார். அவள் இறந்த வாரமே கிடங்குக்காரரைக் கூப்பிட்டு, உடைத்துக் குப்பையில் போடச் சொன்னார். கிடங்குக்காரர் ஆகட்டும் என்றார். ஆனால் அவர் நம்பர் போட்ட சாமானை வாழ்நாளில் தூக்கிப் போட்டதில்லை. அதையும் சாக்கில் கட்டி, நம்பர் எழுதி, மேல் அலமாரியில் தள்ளிவிட்டு, ஓய்வுபெற்றுப் போய்ச் சேர்ந்தும்விட்டார்.

நாற்காலிக்கு ஐம்பது வயது நிறைகிற வருஷம் சாக்கு அவிழ்ந்தது. தொழிற்சாலையிலிருந்து போன் வந்தபோது எடுத்தது மகள். ஐம்பத்து நாலு வயதில், விடுமுறையில் அப்பாவோடு இருக்க வந்திருந்தாள். போனை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது முகம் சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது. அம்மா உட்கார்ந்த பிளாஸ்டர் கிடைத்துவிட்டதாம், இரண்டு பேரும் வந்து பார்க்க வேண்டுமாம். முழங்கால் வலி என்று மில்லி சொல்லிப் பார்த்தார். அவள் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டாள்.

காரில் போகும்போதே திட்டம் போட்டார். எண்பத்து நாலு வயதுக் கிழவர், கை நடுக்கம் ஊரறிந்தது. தொட்டுப் பார்க்கிறேன் என்று பக்கத்தில் போய் ஒரு தள்ளு தள்ளினால், சிமெண்டுத் தரையில் விழுந்து தூள். எல்லாரும் ஐயோ என்பார்கள், அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்வார்கள். ஐம்பது வருஷத்தில் இவ்வளவு தெளிவாக அவர் எதையும் வரைந்ததில்லை.

மாதிரி அறை மாறவேயில்லை. வடக்கு ஜன்னல்கள், நீள மேஜை, சுவரில் வட்டக் கடிகாரம். நடுவில் ஒரு தாழ்வான மரமேடையில் அது இருந்தது. பழுப்பேறி, ஓரத்தில் கம்பி துருப்பிடித்து, சாக்குத் துணியின் நெசவு வெளியே தெரிய. மேலாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து கையைப் பிடித்தார். அளவு எடுக்கிற ஒரு இளம்பெண், ஏதோ ஒளிபாய்ச்சுகிற கருவியோடு ஓரமாக நின்றாள்.

மேலாளர் வாய் ஓயாத ஆள். புதுக் கருவியால் அளந்ததில் ஒரு ரகசியம் வெளிவந்திருக்கிறதாம். மூல வடிவம் சமமாக இல்லையாம், இடப்பக்கம் மேடாம், சார் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார், அந்தக் காலத்து முதலாளிகள்தான் புரியாமல் நேராக்கிவிட்டார்களாம். இந்த வருஷம் மூல வடிவத்தை அப்படியே ஐந்நூறு வார்த்து, சாரின் கையெழுத்தோடு வெளியிடப் போகிறார்களாம். விளம்பர வாசகம்கூட எழுதியாகிவிட்டது: 'மேதையின் துணிச்சலான சாய்வு'. கையெழுத்துப் போடக் காகிதமும் பேனாவும் மேஜையில் தயாராக இருந்தன.

மில்லி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். இதைவிடச் சுலபமான வழி யாருக்கும் கிடைக்காது. ஒரு கையெழுத்து. பிழை துணிச்சலாகிவிடும், மகளும் பெருமையோடு பார்ப்பாள். மனைவி வலித்து வலித்து உட்கார்ந்த கோணலை மட்டும் ஐந்நூறு பேர் காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் போட்டுக்கொள்வார்கள்.

பேனாவை எடுக்காமல் மேடைக்குப் போனார். விளிம்பில் கையை வைத்தார். தள்ளினால் போதும். மணிக்கட்டில் பலம்கூடத் திரட்டிவிட்டார். ஆனால் விரல்கள் தாமாகவே உள்ளே இறங்கி, வலப்பக்கத்துப் பள்ளத்தைத் தொட்டன, பிறகு இடப்பக்கம். ரப்பர் விரிப்பின் ஒரு சுருக்கம் தொடையின் அடியில் கோடாக விழுந்திருந்தது. உலகத்திலுள்ள லட்சக்கணக்கான நாற்காலிகளில் எதிலும் இந்தக் கோடு கிடையாது. தள்ள முடியவில்லை.

அளவுக்காரப் பெண் அப்போது தயங்கித் தயங்கி, தனக்கு ஒரு சந்தேகம் என்றாள். "இது வடிவமைப்பு மாதிரி தெரியலை சார். உக்காந்தவங்க இடப்பக்கம் பாரமே போடலை. முழுக்க வலப்பக்கம்தான் தாங்கியிருக்காங்க. அவங்களுக்கு அந்தப் பக்கம் வலி ஏதாவது இருந்துதா?"

கருவியை வைத்து இரண்டு நாள் அளந்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது. மேலாளர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளே எங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று தேடுகிறவள் அவள். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் எங்களைத் தனியாக விடுங்கள் என்று மில்லி கேட்டுக்கொண்டார். மேலாளர் டீ சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திய பிறகு மில்லி நடந்ததைச் சொன்னார். பூசி மெழுகவில்லை. அளந்தது, நின்ற பென்சில், மறந்துபோன சாயந்திரம், டாக்டரிடம் சொன்ன பொய் வரைக்கும். சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஐம்பது வருஷமாகச் சுமந்தது இவ்வளவுதானா என்று அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மகள் பிளாஸ்டரைச் சுற்றி வந்து பார்த்தாள். கடைசியில், "நீங்க பார்த்தது அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அதுதான் அவர் தாண்ட முடியாத இடம்; இப்போது அதையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மனைவியே அதைப்பற்றிக் கேட்டாள். இந்த வலி எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. குழந்தையைத் தூக்கிய வலி என்று நினைத்துத் தானே அசட்டையாக இருந்துவிட்டோமோ என்று அவள் புழுங்கிக்கொண்டிருந்தாள். "அன்னைக்குப் பதிவுக்கு உக்காந்தப்போ நான் நேராத்தானே இருந்தேன்? உங்க கண்ணுக்குத் தப்பாதே" என்றாள். நேராகத்தான் இருந்தாய் என்று இவர் சொன்னார். அவள் மூச்சை விட்டுவிட்டு, அப்படியானால் அதற்குப் பிறகு வந்ததுதான், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றாள். போகும்வரை அதையே சொல்லி இவருக்கு ஆறுதல் சொன்னாள்.

"எனக்கு அவ ஆறுதல் சொன்னா," என்றார் மில்லி. "நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மகள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. திரும்பியபோது கண் காய்ந்துதான் இருந்தது; குரல்தான் வேறாக இருந்தது.

"நான் எத்தனை ஊர்ல அதுல உக்காந்திருக்கேன்பா. எத்தனை தடவை அதுங்கிட்ட பேசியிருக்கேன் தெரியுமா? அது அம்மாவே இல்லை. பாதி அம்மாதான், ரெண்டு தடவை."

மன்னித்துக்கொள் என்கிற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. அதைக் கேட்கிற யோக்கியதைகூடத் தனக்கு இல்லை என்று விழுங்கிவிட்டார். இனி அஞ்சலட்டை வராது என்று மட்டும் தோன்றியது. அதற்கு ஆசைப்பட்ட நாட்கள் உண்டு. இப்போது அவை எல்லாம் வேண்டும் போலிருந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். மரமேடையில் ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டரில் மெல்ல உட்கார்ந்தாள். அது லேசாக முனகியது, ஆனால் தாங்கியது. அவளுக்கும் அதே உயரம்தான். இருந்தும் பொருந்தவில்லை, இடப்பக்கத்து மேடு அவளை முன்னால் தள்ளியது. இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தாள்.

"எப்படி உக்காந்திருந்தாங்க?"

மில்லி பக்கத்தில் போனார். அவருடைய கண்ணுக்கு அளவுகோல் தேவையில்லை. "இடுப்பை வலப்பக்கம் கொண்டு போ," என்றார். "இன்னும் கொஞ்சம். இடது காலைத் தளர்த்து. தோளைக் கீழே விடாதே, அவ தோளைச் சமமா வச்சுக்கிட்டா. இன்னும் ரெண்டு மில்லி." அவள் அவர் சொன்னபடியெல்லாம் நகர்ந்தாள். சட்டென்று உடம்பு உள்ளே இறங்கியது. தொடையும் முதுகும் எங்கேயும் இடைவெளி இல்லாமல் படிந்தன. யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி அவள் அப்படியே இருந்தாள்.

வெளியே மேலாளரின் குரல் கேட்டது, டீக் கோப்பைகளின் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றி சுருங்கியது. வலது இடுப்பில் பாரம் முழுவதும் இறங்கியிருந்தது.

"ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, வலிக்குது," என்றாள். "அம்மா இப்படி எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

"பிளாஸ்டர் இறுகற வரைக்கும். நாப்பது நிமிஷம்," என்றார் அவர். "அசையவே கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

மகள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தாள்.